மெல்ட்டவுன்: எங்கே உருகல், எங்கே நிலைகுலைவு

அணு உலைக்கும் மெல்ட்டவுன், பங்குச் சந்தைக்கும் மெல்ட்டவுன், கடை நடுவில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தைக்கும் மெல்ட்டவுன் என்கிறது ஆங்கிலம். இவற்றில் முதலாவது மட்டுமே தமிழில் ‘உருகல்’.

பழைய நகை, நாணயங்களை உருக்குவதைக் குறித்த வினைதான் இந்த ஆங்கிலச் சொல்லின் வேர். 1930களில் ஐஸ்கிரீம் தொழிலில் பெயர்ச்சொல்லாகி, 1950களில் அணுப் பொறியியலுக்குள் வந்தது.

அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்காது. அணுக்கள் பிளந்து ஆற்றல் தரும் பிளவு வினை நின்ற நொடியில்கூட, கதிரியக்கச் சிதைவால் முழுத் திறனில் ஏறக்குறைய 6 விழுக்காடு வெப்பம் வந்துகொண்டிருக்கும். அதைத் தண்ணீர் கொண்டுபோகாவிட்டால், எரிபொருள் தண்டுகளின் சிர்கோனிய உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். சூடு 2,800 டிகிரி செல்சியசை நெருங்கினால் எரிபொருளான யுரேனிய ஆக்சைடே இளகி, சுற்றியுள்ள உலோகத்தையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளில் நடந்தது இதுதான். கூடங்குளத்தில் உலைக்கு அடியில் ஒரு பெருங்கலன் வைத்திருப்பதும், அப்படி இறங்குவதைத் தாங்கிப் பிடிக்கத்தான். இதற்கு ‘எரிபொருள் உருகல்’ அல்லது ‘உலைக்கரு உருகல்’ என்பது பொருத்தமான சொல்; உலைக்கரு என்பது எரிபொருள் தண்டுகள் இருக்கும் நடுப்பகுதி.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலைக்கருவின் பாதியளவு உருகியது. அதன் பிறகே ‘மெல்ட்டவுன்’ எல்லோர் வாயிலும் புழங்கி, உவமைப் பொருளும் பெற்றது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 விழுக்காடு விழுந்தபோது, அதையும் மெல்ட்டவுன் என்றார்கள்.

இந்த உவமையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. நம்மிடம் உருகுவது அன்பின் வேலை, பக்தியின் வேலை. ‘திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்’ என்று சொல்லிப் பழகிய மொழியில் ‘சந்தை உருகியது’ என்றால், அது யாரை நினைத்து என்று கேட்கத் தோன்றும். ‘பெருஞ்சரிவு’ என்றாலே போதும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது வரும் மெல்ட்டவுனை ‘அடம்’ என்று எழுதுவது அநியாயம். அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் ஓய்ந்துவிடும். இந்தப் பிள்ளைக்கோ அமைதியான இடமும் நேரமும் வேண்டும். இந்த மெல்ட்டவுனை ‘நிலைகுலைவு’ என்று எழுதலாம். பேச்சில் ‘பிள்ளைக்குத் தாங்கல’ என்றாலே புரியும்.