எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்

படிப்பை முடித்து 40 வருஷம் ஆனதையொட்டி எங்கள் எலெக்ட்ரிக்கல் வகுப்புத் தோழர்கள் 23 பேர் ஓரிடத்தில் கூடினோம். இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தோம், இப்போது என்ன செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். 36 வருஷமும் பாதுகாப்பு ரிலே பிரிவுதான். மின்பாதையில் கோளாறு வந்தால் கண்டுபிடித்து சப்ளையை அறுக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. சப்ஸ்டேஷன்களில் ரிலேவுக்கு செட்டிங் போடுவது, சோதிப்பது, எங்காவது டிரிப் ஆனால் நடுராத்திரியில் ஓடிப்போய்க் காரணம் தேடுவது. அப்புறம் பையிலிருந்து ஒரு ஆர்.சி.சி.பி.யை, அதாவது மின்கசிவைக் கண்டால் வீட்டு சப்ளையை அறுக்கும் சுவிட்சை, எடுத்து மேஜைமேல் வைத்தேன். “இப்போ இதுதான்டா என் வேலை” என்றேன்.

இது நான் திட்டமிட்டுத் தொடங்கிய வேலை இல்லை. ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், பக்கத்து வீட்டு அம்மா ஒரு காலையில் வந்து கூப்பிட்டார். “வாஷிங் மெஷினைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு தம்பி. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியலை. ரெண்டு வருஷமா இப்படித்தான்.”

மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மெஷினின் உடம்புக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே 112 வோல்ட் காட்டியது. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த் முனையில் கம்பியே இல்லை. சுவருக்குள்ளிருந்து வந்த பச்சைக் கம்பி, பெட்டியின் மூலையில் நேர்த்தியாகச் சுருட்டி, டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. வயரிங் செய்தவர் அதை இணைக்காமலே மூடியிருக்கிறார்.

அந்த 112 வோல்ட் எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட மெஷின்களுக்குள் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இருக்கும். அதிலுள்ள கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் மெஷினின் உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் மெஷினின் உடம்பு சப்ளையில் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் மிதக்கும். கெபாசிட்டர் வழியாக வரக்கூடிய கரண்ட் மிகக் குறைவு என்பதால் எறும்புக் கடியோடு நிற்கிறது. என்னைப் பயமுறுத்தியது அந்தக் கடி இல்லை. நாளை உள்ளே ஒரு கம்பியின் இன்சுலேஷன் தேய்ந்து மெஷினின் உடம்பைத் தொட்டால், அந்த மின்சாரத்துக்குப் போக வேறு வழி கிடையாது, தொடுகிறவரைத் தவிர.

“எம்.சி.பி. இருக்கே, அது விழுந்துடாதா?” என்று அவர் மகன் கேட்டார். கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் சுவிட்சைத்தான் சொன்னார். நான் போகிற வீடுகளிலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். சுவரில் வரிசையாக சுவிட்சுகள் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நம்புகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக்கையோடு, வெறுங்காலில் நிற்கிறவரின் உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் அவர் வழியாகப் போவது 0.23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சின்ன பல்பு எரிகிற கணக்கு. அது விழவே விழாது. எம்.சி.பி. கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வந்தது. ஆளைக் காப்பது அதன் வேலையே இல்லை.

ஆளுக்கு எவ்வளவு கரண்ட் ஆபத்து? கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்தே இதை அளந்தார். பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் கை இறுகிவிடும், உதற முடியாது. 1961-இல் மின்கசிவைக் கண்டவுடன் சப்ளையை அறுக்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். நம் வீடுகளுக்கான 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதே வகை. உள்ளே போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ போகிறது, ஒருவேளை ஓர் ஆளின் வழியாக. 0.3 விநாடிக்குள் அறுத்துவிடும். கசிவு கூடினால் இன்னும் வேகமாக.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நான் செட்டிங் போட்ட டிஃபரன்ஷியல் ரிலேவும் இதே தத்துவம்தான். இயந்திரங்களுக்காக அதை அத்தனை கவனமாகச் சோதித்தவன், என் வீட்டுப் பெட்டியில் இருந்த ஆர்.சி.சி.பி.யின் ‘டி’ என்ற சோதனைப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அன்று திரும்பி வந்து முதலில் செய்தது அதைத்தான். விழுந்தது. அதன்பின் தெரிந்தவர்கள் ஒவ்வொருவர் வீடாகப் போக ஆரம்பித்தேன்.

ஒரு வீட்டில் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து முடிந்திருந்தார்கள். டெஸ்டர் விளக்கை வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்த நிமிஷமே ஃபிரிட்ஜின் உடம்பு முழு பேஸுக்கு வந்துவிடும். தயவுசெய்து யாரையும் இப்படிச் செய்ய விடாதீர்கள்.

இன்னொரு வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராகக் கம்பி போட்டிருந்தார்கள். தொல்லை தருகிறது என்று காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிய கதை. கம்பியை எடுத்துவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது. அதன் எலிமென்ட் உறை வெடித்து, தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கருவி அத்தனை நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பொத்தானை அழுத்தி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது, அதைத் தனியாக அளக்க வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது, ஏனென்றால் போனது அப்படியே திரும்பி வருகிறது. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ‘டி’ பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்றும்வரை நிம்மதியாக இருக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும் வேலை உங்களுடையது அல்ல, தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தோழர்களிடமும் இதைத்தான் சொன்னேன். “கடைசியா எப்போ அழுத்தினீங்க?” என்று கேட்டதற்கு இரண்டு கைகள்தான் உயர்ந்தன. மின்நிலையங்களை வடிவமைத்தவர்கள் இருந்த அறை அது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று இரவு 11 மணிக்கு ஒருவன் போன் செய்தான். ஹாஸ்டலில் என் அறைத்தோழன். “மச்சான், அழுத்தினேன்டா. விழலை.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பேரன் வந்திருக்கான், நாளைக்கு வர்றியா?”

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். பையில் மீட்டரும், மேஜைமேல் வைத்துக் காட்டிய அந்த ஆர்.சி.சி.பி.யும் இருந்தன.