வாய்க்காலை மூடிட்டு வயலைக் காப்பாத்துறேன்னு சொல்லாதீங்க

இந்த வாரமும் ஒரு ஃபைல் வந்துச்சு. ஸ்பெயின்ல வலென்சியாவுக்கு வடக்க, வயலுக்கு நடுவுல ஒரு பழைய பண்ணை வீடு, இங்க அல்க்கெரியான்னு சொல்வாங்க, வாங்கினவங்க அத கல்யாண ஹாலா மாத்தணுமாம். வீட்ட நல்லாதான் ரிப்பேர் பண்றாங்க, குறை சொல்ல மாட்டேன். சுத்தி புல்தரை, பனை மரம், கார் பார்க்கிங். பிளான் ஓரத்துல ஒரு கோடு போட்டு 'வடிகால், மூடப்படும்'னு எழுதியிருக்கு. ஐயா, அது வடிகால் இல்ல, பாசன வாய்க்கால்! அத மூடினா கீழ கடைமடை வரைக்கும் இருக்குற அத்தன வயலும் காயும். கேட்டா எப்பவும் வர்ற அதே பதில்தான், "நாங்க பச்சையாதான வெச்சிருக்கோம்?"

லேண்ட்ஸ்கேப் பிளானிங் வேலையில இருக்கேன், இந்த ஒரு பதில கேட்டு கேட்டு அலுத்துப் போச்சு, அதான் எழுதுறேன்.

வலென்சியா நகரத்த சுத்தி இருக்குற இந்த பாசன நிலத்துக்குப் பேரு ஓர்ட்டா. முஸ்லிம் ஆட்சிக் காலத்துல உருவான அமைப்பு. தூரியா ஆத்துல இருந்து எட்டு பெரிய வாய்க்கால் பிரியுது, அதுல இருந்து கிளை, கிளைக்குள்ள கிளை. இன்னாருக்கு இத்தன லிட்டர்னு கணக்கு கிடையாது, பங்குதான், அதனால ஆத்துல தண்ணி கொறஞ்சா எல்லாருக்கும் சேந்துதான் கொறையும். தகராறு வந்தா வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு கதீட்ரல் வாசல்ல தண்ணீர் நீதிமன்றம் கூடும், உக்காந்து தீர்ப்பு சொல்றவங்க விவசாயிங்களே தேர்ந்தெடுத்த விவசாயிங்க, எல்லாம் வாய்ப்பேச்சுல முடியும், வக்கீல் கிடையாது. 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. டூரிஸ்ட்டுங்க கூட்டமா நின்னு போட்டோ எடுக்குறாங்க, சந்தோஷம். ஆனா அந்த கோர்ட் எந்த வாய்க்காலுக்காக கூடுதோ அந்த வாய்க்கால்லதான் ஜல்லி கொட்டுறாங்க.

இப்ப அந்த 'பச்சை' விஷயத்துக்கு வரேன். புல்தரையும் பச்சை, கோல்ஃப் மைதானமும் பச்சை, ரெண்டும் ஓர்ட்டா ஆகாது. ஓர்ட்டாங்கறது மொதல்ல தண்ணி முறை, அப்புறம் காலங்காலமா எரு போட்டு ஆக்கின மண்ணு, அப்புறம் காலைல மடை திறந்து விடுற ஆளு. இதுல ஒண்ணு போனாலும் மத்ததும் போயிடும். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), வெங்காயம், அப்புறம் நம்ம கோரைக்கிழங்கு ஜாதியில ஒரு கிழங்கு, சூஃபான்னு, அதுலதான் ஒர்ச்சாட்டா பானம் செய்றாங்க, இதெல்லாம் விளையுற வரைக்கும்தான் அந்த அழகு. இத்தாலில மிலான் நகரத்துக்குத் தெக்க 1990ல 'விவசாயப் பூங்கா'ன்னு அறிவிச்சாங்க, சுமார் 47,000 ஹெக்டேர், பூங்கான்னதும் பெஞ்சு, பூச்செடின்னு நினைக்காதீங்க, உள்ள நெல்லு விளையுது, மாடு மேயுது. பாதுகாக்குறதுன்னா அப்படி. விவசாயி போனப்புறம் வெறும் காட்சிய மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

"அதான் சட்டம் இருக்கே"ன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். இருக்கு, 2018ல ஓர்ட்டாவுக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு. 2019ல ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு உலக விவசாயப் பாரம்பரியம்னு அங்கீகாரம் குடுத்துச்சு. அதே 2019லதான் நெடுஞ்சாலைய அகலப்படுத்த அல்போராயா பக்கம் நூறு வருஷத்துக்கு மேல நின்ன ஃபோர்ன் தெ பர்ராக்கா வீட்ட இடிச்சாங்க, மக்கள் எவ்வளவு போராடியும் தடுக்க முடியல. அதுக்கும் முன்னாடி, 1957 வெள்ளத்துக்கப்புறம் ஆத்தையே தெக்க திருப்பி விட்டப்ப அந்தப் பக்கத்து ஓர்ட்டா ரெண்டா வெட்டுப்பட்டுச்சு. பழைய ஆத்துப்படுகை இப்ப பூங்கா, அங்க நடக்குற எத்தன பேருக்கு இது தெரியும்? 2024 அக்டோபர் 29 வெள்ளத்துல இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. வயல் இருந்திருந்தா வெள்ளமே வந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி பரவுற சமவெளியில எவ்வளவு கட்டி வெச்சிருந்தோம்னு அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க.

இங்க பழைய வீடு வாங்குறவங்க, பிளான் போடுறவங்க: நிலத்துல போற ஒவ்வொரு கோடும் எந்த வாய்க்கால்னு பாசன சங்கத்துல போய்க் கேளுங்க, மேப்ப நம்பி உக்காந்திருக்காதீங்க. வயல்ல ஜல்லி கொட்டாதீங்க, திரும்ப அந்த மண்ணு கிடைக்காது. மூடியே ஆகணும்னு வந்தா மொதல்ல கீழ்மடைக்காரர்கிட்ட பேசுங்க, அவருக்குத் தெரியாம கையெழுத்து வாங்காதீங்க. தண்ணி முறை யாருக்குன்னு தெரியாம வயல குத்தகைக்கும் விடாதீங்க.

சுத்திப் பாக்க வர்றவங்க கார எடுத்துக்கிட்டு மண்பாதையில நுழையாதீங்க, வியா சுர்ரா சைக்கிள் பாதை இருக்கு, அருமையா இருக்கும். செடி மேல ஏறி செல்ஃபி வேண்டாம். மரத்துல ஆரஞ்சு தொங்குதுன்னு பறிக்காதீங்க, அது ஒருத்தரோட சம்பளம்.

இங்கயே தங்கிப் படிக்கிற, வேலை பாக்குற நம்ம புள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். காய்கறி வாங்குறப்ப ஓர்ட்டாவுல விளைஞ்சதான்னு கேளுங்க. ஒர்ச்சாட்டா வாங்குறப்ப வலென்சியா சூஃபா முத்திரை இருக்கான்னு பாருங்க. மேற்கு ஆப்பிரிக்கால இருந்து வர்ற கிழங்குலயும் செஞ்சு விக்கிறாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அந்தக் காசு இந்த வாய்க்கால தூர்வாருற ஆளுக்குப் போய்ச் சேராது.