மூசாங்: மரநாயா, புனுகுப்பூனையா?

இரவு 11 மணிக்கு மேல் கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாண்டான் இலை வாசம் எழும். அடுப்பை அணைத்து நெடுநேரம் ஆகியிருக்கும். அந்த இலை போட்டுத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சமைக்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள். சற்று நேரத்தில் சீலிங்கின் மேல் ஏதோ ஓடும். பூனையைவிடக் கனமான ஓட்டம். "மூசாங் வந்துவிட்டது" என்பார் என் மாமியார். காலையில் கார் நிறுத்தும் இடத்துக் கூரைத் தகட்டில் அதன் எச்சம் கிடக்கும். பப்பாளி விதைகளும் ஏதோ ஒரு பனைவகையின் விதைகளும், கழுவி வைத்தாற்போல், ஒன்றுகூட உடையாமல்.

இதைப் பற்றி மகள் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதினாள். 'மூசாங்' என்று அவள் எழுதிய இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'புனுகுப்பூனை' என்று திருத்தப்பட்டு நோட்டு திரும்பி வந்தது. மலாய்ச் சொல்லுக்குத் தமிழ் இருக்கிறதே என்ற அக்கறையில் செய்த திருத்தம். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அது வேறொரு விலங்கைக் கொண்டுவந்து எங்கள் கூரையில் ஏற்றிவிட்டது.

மலாயில் மூசாங் என்பது ஒரு விலங்குக் குடும்பத்துக்கே பொதுப்பெயர். எந்த மூசாங் என்பதை இரண்டாவது சொல்தான் சொல்லும். நம் கூரைகளில் குடியிருப்பது மூசாங் பாண்டான். வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் வாசம் பாண்டான் இலையை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். அதே சுரப்பிதான் அறிவியல் பெயரில் ஒரு பிழையையும் உண்டாக்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது விதைப்பை போலத் தோன்றுவதால், 1777இல் இந்த விலங்கை விவரித்த இயற்கையியலாளர் பல்லாஸ் 'இருபாலுயிர்' என்று பொருள்படும் ஹெர்மாஃப்ரோடிடஸ் என்ற பெயரை வைத்தார். இன்றுவரை அதுவே நிற்கிறது.

தென்னிந்தியா, இலங்கை தொடங்கி இந்தோனேசியா வரை வாழ்வது இதே விலங்குதான். எச்சத்தில் கிடைக்கும் கொட்டையிலிருந்து எடுத்து லூவாக் காப்பி என்று விலைபேசி விற்கிறார்களே, அந்த லூவாக்கும் இதுவே. ஆகவே கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோருக்கு இது புதிய விலங்காக இருந்திருக்க முடியாது. ஊரிலேயே அதற்குப் பெயர் இருந்தது: மரநாய். பனையில் ஏறிக் கலயத்துக் கள்ளைக் குடிப்பதால் ஆங்கிலேயர் இதைக் 'கள்ளுப் பூனை' என்ற பொருளில் 'டாடி கேட்' என்றார்கள். மலையாளத்தில் இது மரப்பட்டி; பட்டி என்றால் அங்கே நாய். தெலுங்கில் மானுபில்லி, அதாவது மரப்பூனை.

நாயே இல்லாத ஒன்றை நாய் என்று எழுதலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அது பூனையும் இல்லை; பூனைக்குச் சற்று நெருங்கிய தனிக்குடும்பம். கடற்குதிரை குதிரையா? நீர்யானை யானையா? நீண்ட முகத்தைப் பார்த்து நாய் என்றும், நடமாடும் இடத்தைப் பார்த்து மரம் என்றும் நம்மவர் சேர்த்துச் சொன்னார்கள். மின்கம்பியில் வால் தொங்க நடந்துபோகும் மூசாங்கை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கிவிடும்.

புனுகுப்பூனை இதன் உறவுதான், ஆனால் இதுவன்று. உடலில் புள்ளிகளும் வாலில் வளையங்களும் கொண்டு, பெரும்பாலும் தரையில் திரியும் இனம் அது. புனுகு என்னும் நறுமணப் பொருள் அதனிடமிருந்தே வருகிறது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிச் சாத்துவது அந்தப் புனுகுத் தைலம். மலாய் மக்கள் இவ்வகை விலங்குக்கு மூசாங் ஜெபாட் என்று தனிப்பெயர் வைத்து, இரண்டையும் குழப்பாமல் பிரித்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் குழப்ப வேண்டும்?

ஜெபாட் என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். புனுகுக்கு அரபியில் ஸபாத் என்று பெயர். அது மலாயில் ஜெபாட் ஆயிற்று. ஐரோப்பியர் வாயில் சிவெட் ஆயிற்று. தமிழில் சவாது, சவ்வாது ஆயிற்று. பூசை அறையில் நாம் வைத்திருக்கும் சவ்வாதும், மலாக்கா வீரன் ஹங் ஜெபாட்டின் பெயரும், ஆங்கிலப் பாடநூலில் வரும் சிவெட்டும் ஒரே சொல்லின் மூன்று கிளைகள். ஹங் ஜெபாட்டின் தோழன் பெயர் ஹங் கஸ்தூரி, அதுவும் ஒரு வாசனைப் பொருள். பாசார் செனி ஓரமாக ஜாலான் ஹங் கஸ்தூரியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மணங்களும் நினைவுக்கு வரும்.

சரி, மூசாங் என்ற பொதுப்பெயருக்கு ஈடான பொதுப்பெயர் தமிழில் உண்டா? உண்டு என்பது என் கருத்து: வெருகு. எந்தெந்த விலங்கின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது என்று வரிசைப்படுத்தும்போது, மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் என்று நான்கைச் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பிய மரபியல். புறநானூற்றின் 326ஆம் பாடலில், ஊரின் பழைய வேலியோரம் பதுங்கி வரும் வெருகுக்கு அஞ்சிக் கோழிப்பேடை இருளில் நடுங்கி அலறுகிறது. அகராதிகள் இச்சொல்லுக்குக் காட்டுப்பூனை, ஆண்பூனை என்றும் பொருள் தருகின்றன. ஆனால் மலையாளத்தில் வெருகு இன்றும் புனுகுப்பூனையின் பெயராகவே வழங்குகிறது. பாதி உறங்கிக் கிடக்கும் இந்தச் சொல்லைக் குடும்பப் பெயராக எழுப்பிக்கொண்டால் மரநாய், புனுகுப்பூனை, கரடிபோல் தோன்றும் பிந்துரோங் எல்லாவற்றையும் 'வெருகினம்' என்று ஒரே சொல்லில் அடக்கலாம்.

கோழியைச் சொன்னதும் மலாய்ப் பழமொழி ஒன்று வந்து நிற்கிறது: மூசாங் பெர்பூலு ஆயாம், கோழியிறகு பூண்ட மூசாங். 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று இதைத் தமிழில் சொல்வது சரியே. அங்கே விலங்கின் பெயரைத் தேட வேண்டியதில்லை.

டுரியான் கதையும் அப்படித்தான். மூசாங் கிங் 1993இல் டி197 என்ற எண்ணில் பதிவான வகை; பெயரில் உள்ள மூசாங், கிளந்தானின் குவா மூசாங் ஊரைச் சுட்டுவது. குவா என்பது நாம் குகை என்று வழங்கும் அதே சமஸ்கிருதச் சொல்லின் மலாய் வடிவம். சந்தைப்பெயர் ஆகிவிட்ட பிறகு அதை மொழிபெயர்ப்பது தேவையற்றது. பேச்சிலும் மூசாங் இருக்கட்டும், அது நம் வீட்டுச் சொல்லாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. எழுதும்போது மட்டும் மரநாய் என்று எழுதுவோம்.

மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். "மரநாயா?" என்றார். "தோட்டத்தில் எங்கள் அம்மா அப்படித்தானே சொல்வார்! இருட்டியதும் கோழிக்கூட்டுக்குக் கம்பியைச் சுற்றிக் கட்டுவார். மரநாய் வரும், நல்லா இறுக்கு என்று என்னைப் பிடிக்கச் சொல்வார்." இத்தனை வருடம் இரவுதோறும் கூரையைப் பார்த்து மூசாங் என்று சொன்னவர் அவர்தான்.