தட்டச்சுப் பிழைக்குப் பிறந்த சொல்

பொற்கொல்லர்கள் தங்கத்தைப் ‘பறி’ என்பார்களாம். குழூஉக்குறிக்கு இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்த எடுத்துக்காட்டு அது. அறிவியல் புனைகதை ரசிகர்களுக்கும் இப்படியொரு தனிப்பேச்சு உண்டு. ஆனால் யாரிடமிருந்தும் எதையும் மறைக்க அது பிறக்கவில்லை. பெரும்பாலும் தட்டச்சு அடித்து அடித்து விரல் வலித்ததில் பிறந்தது.

1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார்கள். அது போதாதா? வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1930-ல் சிகாகோவிலிருந்து ‘தி காமெட்’ என்ற ரசிகர் இதழ் வந்தது. பின்னாலேயே இன்னும் பல. முதலில் இவற்றுக்கு ‘ஃபேன்மேக்’ என்று பெயர். 1940 அக்டோபரில் ரஸ்ஸல் ஷோவனே என்பவர் ‘மேகசின்’ என்ற சொல்லின் தலையை வெட்டி வாலை ஒட்டவைத்து ‘ஃபேன்சீன்’ என்றார். அவர் சதுரங்க வீரர், காது கேளாதவர். எழுத்தால் மட்டுமே பழகிய ஒரு கூட்டத்தில் அது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இந்த இதழ்களில் பல ஸ்டென்சிலில் உருவானவை. பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளை சைக்ளோஸ்டைல் எடுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மெழுகு பூசிய மெல்லிய தாளைத் தட்டச்சில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால், எழுத்து மெழுகை வெட்டும். அந்தத் தாளை உருளையில் பொருத்திச் சுழற்றினால் வெட்டின வழியாக மை இறங்கிக் காகிதத்தில் பதியும். எழுத்து தப்பிவிட்டால் ரப்பர் உதவாது. நகப்பூச்சு வாடை அடிக்கும் ஒரு திரவத்தைத் தொட்டு வெட்டை அடைத்து, ஊதி ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். அதன் பெயர் ‘கரெக்‌ஷன் ஃப்ளூயிட்’. பக்கத்துக்கு நாலு முறை அதைத் தேடுகிறவன் அவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பானா? ‘கார்ஃப்ளூ’ என்றாகிவிட்டது. இதழைப் படித்துவிட்டு எழுதும் ‘லெட்டர் ஆஃப் காமென்ட்’ வெறும் ‘லாக்’ ஆனது. கூட்டத்தின் பெரிய புள்ளி, ‘பிக் நேம் ஃபேன்’, பி.என்.எஃப். ஆனார்.

சில பிழைகளைத் திருத்தாமல் விட்டதும் நல்லதுக்குத்தான். 1950-களில் லீ ஜேகப்ஸ் என்ற ரசிகர் ஒரு கட்டுரையில் நாட்டுப்பாடலைக் குறிக்கும் ‘ஃபோக்’ என்ற சொல்லை அடிக்கும்போது விரல் பக்கத்து விசையில் பட்டு ‘ஃபில்க்’ என்று விழுந்தது. ஆங்கிலத் தட்டச்சில் ‘ஓ’வும் ‘ஐ’யும் ஒட்டிக்கொண்டிருப்பவை. அந்தக் கட்டுரை அப்போது வெளியாகவே இல்லை. பிழை மட்டும் பிழைத்துக்கொண்டது. ரசிகர் மாநாடுகளில் இரவெல்லாம் உட்கார்ந்து, தெரிந்த மெட்டுக்கு விண்கலமும் வேற்றுக்கிரகமுமாக வரி கட்டிப் பாடுவதற்கு இன்றைக்கும் ஃபில்க் என்றுதான் பெயர்.

சுருக்கம் எப்போது சொல்லாகிறது? வாயில் ஒரே மூச்சில் உருளவேண்டும், இலக்கணத்துக்கும் வளைந்துகொடுக்கவேண்டும். ‘கஃபியா’வைப் பாருங்கள். ‘எல்லாவற்றையும் விட்டு விலகிப்போவது’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். நாம் என்றால் ‘பண்ணு’ சேர்த்திருப்போம். அவர்கள் ‘ஏட்’ சேர்த்து ‘கஃபியேட்’ என்று வினையாக்கிவிட்டார்கள். வேடிக்கை அதுவல்ல. அன்றாடத் தொல்லைகளை விட்டு ரசிகர் உலகுக்குள் ஓடிவருவதுதான் முதலில் கஃபியா. பிறகு பொருள் குப்புறக் கவிழ்ந்து, ரசிகர் உலகத்தையே விட்டு ஓடிப்போவது என்றாயிற்று. எதிலிருந்து ஓடுவது என்பதைச் சுருக்கம் சொல்வதில்லை, ஆகவே யாரும் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். வேறு வழியில்லாமல் விலக நேர்ந்தால் ‘ஃபஃபியா’: வேலை, குழந்தை, கடன் இத்தியாதி.

‘ரசிகத்தனம் ஒரு வாழ்க்கைமுறை’ என்பவர்களுக்கு ‘ஃபியாவால்’ என்ற சுருக்கம். ‘அட, வெறும் பொழுதுபோக்குதானய்யா’ என்று பதில் சொல்பவர்களுக்கு ‘ஃபிஜாக்’. ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் சொல்வதுண்டு.

எனக்குப் பிடித்தது ‘எகோபூ’. ‘ஈகோ பூஸ்ட்’ தேய்ந்து வந்தது. காசு கிடைக்காத இடத்தில் இரவெல்லாம் ஸ்டென்சில் வெட்டியவனுக்குக் கிடைத்த கூலி, அடுத்த இதழின் கடிதப் பகுதியில் தன் பெயரைப் பார்ப்பதுதான். 1997-ல் எரிக் ரேமண்ட் என்ற நிரலர், சம்பளமில்லாமல் நிரலர்கள் ஏன் லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்துக்கு உழைக்கிறார்கள் என்று விளக்க, ரசிகர்களிடமிருந்து இதே சொல்லைத்தான் கடன் வாங்கினார்.

வெளியார் நாவில் ஏறியதாலேயே உள்ளே மதிப்பிழந்த சொல்லும் உண்டு. 1954 வாக்கில் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்பதைச் சுருக்கி ‘சை-ஃபை’ என்ற சொல்லைப் பரப்பியவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன். அந்தக் கூட்டத்திலேயே ஊறிய பி.என்.எஃப். பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதும் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ‘எஸ்.எஃப்.’தான். மட்டமான படங்களைக் கிண்டலடிக்க ‘சை-ஃபை’யையே ‘ஸ்கிஃபி’ என்று உச்சரித்தார்கள்.

ஸ்டென்சில் போயிற்று, சைக்ளோஸ்டைல் இயந்திரமும் போயிற்று. ஆனால் ரசிகர் இதழ்க்காரர்கள் கூடும் மாநாடு ஒன்று 1984-ல் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கார்ஃப்ளூ.