கவுண்டி கோர்ட் மாவட்ட நீதிமன்றம் அல்ல

அமெரிக்க வரலாறு பற்றித் தமிழில் எழுதுபவர்கள் 'கவுண்டி கோர்ட்' வரும் இடமெல்லாம் 'மாவட்ட நீதிமன்றம்' என்று போட்டுவிடுகிறார்கள். அடிமைமுறை பற்றிய கட்டுரையிலும் இதுதான், பழைய உயில்களைத் தேட வழி சொல்லும் குறிப்பிலும் இதுதான். இது பிழை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'கோமெஸ்' என்றால் உடனிருப்பவன், அரசனின் துணைவன். அவன் ஆளுகைக்குட்பட்ட பகுதியைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக நார்மன்களோடு இங்கிலாந்து போய், அங்கே 'ஷயர்' எனப்பட்ட நிலப்பிரிவுக்குப் பெயராயிற்று. 1634இல், அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியா எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டது. அவையே பின்னர் கவுண்டிகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ட்.

'கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரிதானே?' என்பார்கள். பரப்பை மட்டும் பார்த்தால் சரி என்றே தோன்றும். ஆனால் அதே வர்ஜீனியாவில் 1789 முதல் 1808 வரை மாநில அரசின் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளும் இருந்தன. பல கவுண்டிகள் சேர்ந்தது ஒரு டிஸ்ட்ரிக்ட். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் இவை போதாதென்று ஒன்றிய அரசின் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டையும் கொண்டுவந்தது. கவுண்டியையும் மாவட்டம் என்றால் மூன்றுக்கும் ஒரே பெயர். 1795இல் கடன் வழக்கில் தோற்ற ஒரு விவசாயி மேலே போனதை எப்படி எழுதுவீர்கள்? 'மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்' என்றா?

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'கோட்டம்' என்கிறார்கள். தொண்டை மண்டலத்தின் உட்பிரிவுகளுக்கு வழங்கிய பழம்பெயர், அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று அது இன்று வேறு வேலையில் இருக்கிறது. நிலப்பிரிவின் பெயரை அப்படியே வைத்துக்கொள்வதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. 'கவுண்டி' இருக்கட்டும்.

உண்மையில் இடறுவது 'நீதிமன்றம்' என்ற பகுதியில்தான். வர்ஜீனியாவின் பழைய கவுண்டி கோர்ட்டின் உத்தரவுப் புத்தகத்தைப் புரட்டினால் உயில் மெய்ப்பிப்பு, சாலை பராமரிக்க ஆள் நியமனம், சாராயக் கடைக்கு உரிமம், அநாதைப் பையனைத் தொழில் பழக ஒப்படைத்தல், ஓநாயைக் கொன்று தலையைக் கொண்டுவந்தவருக்குச் சன்மானம், வரிவிதிப்பு எல்லாம் வழக்குகளோடு கலந்தே கிடக்கின்றன. நம் கலெக்டர் ஆபீஸ், பத்திரப்பதிவு அலுவலகம், கோர்ட் மூன்றும் ஓரிடத்தில். அதனால் நான் 'கவுண்டி மன்றம்' என்றே எழுதுவேன். ஊர்ப்பொதுவில் கூடி வழக்கும் பொதுக்காரியமும் பேசிய இடம்தானே மன்றம்? நகர்மன்றம், ஊராட்சி மன்றம் என்று இன்றும் புழங்குகிறோம். இங்கிலாந்தில் 1846ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கவுண்டி கோர்ட்டுகள் வேறு. அவை சிவில் வழக்கு மட்டுமே பார்த்தவை, அவற்றுக்குக் 'கவுண்டி நீதிமன்றம்' பொருந்தும்.

வர்ஜீனியாவின் கவுண்டி மன்றத்தில் உட்கார்ந்தவர்களை 'மாவட்ட நீதிபதிகள்' என்பது இன்னும் மோசம். அவர்கள் சம்பளமில்லாத பெரும் நிலக்காரர்கள், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் வாஷிங்டன்கூட ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் அப்படி இருந்தவர்தான். 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற அவர்கள் பதவிக்கு இலங்கைத் தமிழில் 'சமாதான நீதவான்' என்ற சொல் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம். 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்ட அடிமைகளை ஜூரி இல்லாமல் விசாரித்தவர்கள் இந்த நிலக்காரர்களே. அடிமைகளின் உடைமையாளர்களே அடிமையின் உயிரைத் தீர்மானித்தார்கள். 'மாவட்ட நீதிபதி விசாரித்தார்' என்று எழுதினால், படித்த நீதிபதி ஒருவர் சாட்சியம் கேட்டுத் தீர்ப்பளித்ததாகவே நம் வாசகர் எண்ணுவார். அகராதியைப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளர் ஆண்டையும் ஊரையும் பார்க்காததால் வரும் வினை இது.

பதிவுகளைத் தேடுபவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. வர்ஜீனியாவில் கவுண்டி மன்றங்கள் 1904இல் ஒழிந்தன, ஏடுகள் அவற்றின் வேலையை ஏற்ற சர்க்யூட் கோர்ட்டின் எழுத்தரிடம் போயின. அதற்கு முன்பே, உள்நாட்டுப் போரின்போது தலைநகர் ரிச்மண்டுக்குப் பாதுகாப்புக்கென அனுப்பப்பட்டவற்றில் பல 1865 ஏப்ரல் தீயில் அழிந்தன. மிஞ்சியவற்றை 'மாவட்ட நீதிமன்றத்தில்' கேட்கப் போனால், இன்று அங்கே அந்தப் பெயரில் இருப்பது போக்குவரத்து அபராதமும் சிறு வழக்குகளும் பார்க்கும் இடம். 1750இன் உயில் அங்கே கிடைக்காது.