ஓடினாரா, உட்கார்ந்து அழுதாரா?

ஒக்கிப் புயல் அடித்து இரண்டாவது வருடம். நாகர்கோவிலில் என் ஆலோசனை அறைக்கு ஓர் இளைஞன் தன் அம்மாவைக் கூட்டி வந்தான். மாவட்டத்தின் மேற்கே ஒரு கடற்கரை ஊர். 2017 நவம்பரில் கடலுக்குப் போன அப்பாவின் உடல் கிடைக்கவே இல்லை. (அடையாளம் தெரியாதபடி இந்தக் கட்டுரையில் எல்லா விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவன் சொன்ன குறை இது: "அப்பாவுக்காவ ஒரு சொட்டு கண்ணீரு விடல்ல மேடம். சீரியலப் பாத்து தினமும் கரையுதாவ."

அழுவதைக் கரைவது என்று எங்கள் பக்கம் சொல்வோம். அவன் குரலில் கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. இல்லாத ஒருத்திக்காக அழுகிறவர் சொந்தக் கணவனுக்காக ஏன் அழவில்லை?

இந்தக் கேள்வியில் மெய்யியலாளர்களும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1975-ல் காலின் ராட்ஃபோர்ட் இதை ஒரு புதிராகவே எழுதினார். ஒருவர் தன் தங்கை பட்ட துன்பத்தைச் சொல்கிறார், நாம் பதறுகிறோம். அப்புறம் 'எனக்குத் தங்கையே கிடையாது' என்கிறார். நம் இரக்கம் அந்த நிமிடமே வடிந்துவிடும். கதையிலோ ஆள் பொய் என்று முதலிலேயே தெரியும், இருந்தும் அழுகிறோம். இது அறிவுக்குப் பொருந்தாத முரண் என்றே ராட்ஃபோர்ட் முடித்தார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருப்பீர்கள். 115 அடி உயரம், கீழே பரளியாறு. கைப்பிடிச் சுவர் இருக்கிறது, விழமாட்டோம் என்பதில் சந்தேகமே இல்லை. இருந்தும் குனிந்து பார்த்து 'விழுந்தால்?' என்று நினைத்ததுமே உள்ளங்கால் கூசுகிறது. உடம்பு கூசுவதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை, நினைப்பே போதும். ராட்ஃபோர்டுக்குப் பதில் சொன்ன சிலரும் இந்த வழியில்தான் யோசித்தார்கள். நினைப்பில் பிறந்தது என்பதற்காக அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு அழுகிறவர்களை இந்தப் புதிருக்குள் இழுக்கக் கூடாது. முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பொங்கலிடும் பெண்ணுக்கு இசக்கி கற்பனைப் பாத்திரம் இல்லை. அங்கே அழுகை வேறு, அதைக் கேட்க வேண்டிய காதும் வேறு.

அம்மாவிடம் வருகிறேன். அழுகைக்கு நான்கு பிறப்பிடங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழந்துபோவது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமையில் வாடுவது. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது இது தொழிலுக்கு உதவும் என்று நினைக்கவில்லை. இப்போது கதை பார்த்து அழுவதாக யாரைக் கூட்டி வந்தாலும் 'ஏன் அழுறீங்க?' என்று கேட்பதில்லை. எந்த இடத்தில் அழுகை வந்தது என்றுதான் கேட்கிறேன். மாமியார் திட்டும் காட்சியில் அழுகிறவரும் வீடு ஏலத்துக்குப் போகும் காட்சியில் அழுகிறவரும் ஒரே சீரியலைப் பார்க்கலாம், அழுவது ஒரே காரணத்துக்காக இல்லை.

அம்மா மூன்றாவது சந்திப்பில் சொன்னார். அந்தக் கதையில் புருஷனின் உடலை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். "அவளுக்கு மொகத்தப் பாக்கக் கெடச்சுது" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

இவருக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, அடக்கம் செய்யவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு போகும்போது இவருக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. உடல் கிடைக்காமல் முடிவு தெரியாமல் நிற்கும் இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறைய எழுதியிருக்கிறார். அழுதால் ஆள் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்ற பயத்தில் பலர் அழவே மாட்டார்கள். அடுத்தவள் கதையில் அந்தப் பயம் இல்லை. மகன் குறை சொன்ன சீரியல்தான் அவருக்கு அழக் கிடைத்த ஒரே இடம். அதை நிறுத்தச் சொல்லாதே, பக்கத்தில் போய் உட்கார் என்று மகனிடம் சொன்னேன்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரியானவர்களைப் பற்றி. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் சிக்கித் தப்பியபோது சிறுவனாக இருந்த ஒருவர், பல வருடம் கழித்து மகளோடு தியேட்டருக்குப் போனார். திரையில் பெரிய அலை எழும் சத்தம் கேட்டதும் மகளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடிவிட்டார். ரோட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. வீட்டில் எல்லோரும் சொன்னது, "படம்தானே!"

1978-ல் கெண்டல் வால்டன் என்ற மெய்யியலாளர் சொன்ன உதாரணம் இங்கே எனக்கு உதவியது. சார்லஸ் என்பவர் படம் பார்க்கிறார். பச்சைக் கூழ் போன்ற ஒரு பயங்கரம் அவரை நோக்கி ஊர்ந்து வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, நாற்காலியை இறுகப் பிடிக்கிறார். ஆனால் எழுந்து ஓடவில்லை. அதனால் அது உண்மையான பயமே இல்லை, ஒரு பாவனை விளையாட்டின் பகுதி என்கிறார் வால்டன். அந்த முடிவில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஓடவில்லை என்பதை அவர் கவனித்தது முக்கியம். கதை கதையாக இருக்கும்வரை கால் எழாது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த அப்பா பார்த்துக்கொண்டிருந்தது படம் இல்லை, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. அதற்குச் சிகிச்சை உண்டு, அவரும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் யாராவது கதையிலோ படத்திலோ கலங்கினால் இதைப் பாருங்கள். அழுதபடி உட்கார்ந்து முழுவதும் பார்த்தாரா? அப்புறம் சாப்பிட்டாரா, தூங்கினாரா? சரி, அவரை விட்டுவிடுங்கள், கேலி மட்டும் வேண்டாம். எழுந்து ஓடினாரா, வியர்த்து உறைந்து போனாரா, கடல் வரும் எதையும் பார்க்க மறுக்கிறாரா, அதே காட்சி இரவில் திரும்ப வருகிறதா? அப்படியானால் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உடனே போக முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.