வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலி நிலம் எந்த ஜோன்?

வட வர்ஜீனியாவில் வீடு வாங்கும் நம் ஆட்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள், மெட்ரோ ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், கோயிலுக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுகிறார்கள். பின்பக்க வேலியைத் தாண்டி மரங்கள் அடர்ந்து நிற்கும் காலி நிலத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. "அங்கே ஒன்றும் வராதாம், ஏஜென்ட் சொன்னார்" என்பதோடு சரி. நிலப் பயன்பாட்டு விண்ணப்பங்களும், நிலத்தில் எது எங்கே வரும் என்று காட்டும் சைட் பிளான்களும்தான் என் அன்றாட வேலை. வீடு வாங்குவதற்கு முன் அந்த நிலத்தைக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜோனிங் வரைபடத்தில், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று காட்டும் படத்தில், தேடிப் பார்த்தவர்களை நான் சந்தித்தது மிகவும் குறைவு. அங்கே டேட்டா சென்டர் (இணையத்துக்கான கணினிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பெரிய கட்டடம்) கட்ட மரம் வெட்டும் இயந்திரம் வந்து நின்ற பிறகு "இதை நிறுத்த என்ன செய்யலாம்?" என்று கேட்டு வரும் அழைப்புகள்தான் அதிகம். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது 'பை-ரைட்' என்ற ஒரு சொல்லை. ஒரு நிலம் எந்த ஜோனில் இருக்கிறதோ அந்த ஜோனில் என்னென்ன கட்டலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் டேட்டா சென்டர் பை-ரைட் என்று இருந்தால், நிலத்தின் சொந்தக்காரர் யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. சைட் பிளான் கொடுப்பார், கவுண்டி ஊழியர்கள் உயரம், மழைநீர் வடிகால், சாலை இணைப்பு, மரவேலி எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள், இருந்தால் ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பொது விசாரணை கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாலும் அதிகாரி அதை வைத்து மறுக்க முடியாது, மறுத்தால் கவுண்டிதான் நீதிமன்றத்தில் தோற்கும். ஆக, உங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன வரும் என்ற முடிவு அந்தப் பட்டியலை எழுதிய நாளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. சில இடங்களில் அது நீங்கள் அமெரிக்காவுக்கு வருவதற்கும் முந்தைய நாளாக இருக்கும்.

லவுடன் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். ஆஷ்பர்ன், ஆல்டி, பிராம்பிள்டன் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம், உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடமும் அதுவே. தொண்ணூறுகளில் இணையப் போக்குவரத்து சந்திக்கும் முனையங்கள் இந்தப் பக்கம் வந்தன, ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் டலஸ் விமான நிலையத்துப் பக்கம் உட்கார்ந்தது, ஃபைபர் கேபிள் மண்ணுக்குள் போனது, நிலமும் மின்சாரமும் அன்றைக்கு மலிவு. அந்தக் காலத்தில் பல ஊர்களின் விதிப்புத்தகத்தில் டேட்டா சென்டர் என்ற பயன்பாடே கிடையாது. அலுவலகம், கிடங்கு, தொலைத்தொடர்பு நிலையம் என்று ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் உள்ளே விட்டார்கள். பெரிதாகத் தப்பு சொல்ல முடியாது, அப்போதைய கட்டடங்கள் சின்னவை. இன்றைக்கு ஒரு கட்டடமே இரண்டு லட்சம் சதுர அடியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது, கூரை மேலும் பக்கவாட்டிலும் வரிசை வரிசையாகக் குளிரூட்டும் விசிறிகள், அடிவாரத்தில் பத்துக்கணக்கில் டீசல் ஜெனரேட்டர்கள், பக்கத்திலேயே ஒரு சப்ஸ்டேஷன். கட்டடம் இப்படி மாறிய பிறகும் பட்டியலில் இருந்த சொல் மாறாமலே கிடந்தது.

மாற்றாமல் இருந்ததற்குக் காரணமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை. கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு லவுடன் 100 டாலர் மதிப்புக்கு 4 டாலருக்கு மேல் வரி போடுகிறது, அந்தக் கணினிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால் வரி வற்றுவதில்லை. டேட்டா சென்டருக்குள் பிள்ளைகள் இல்லை, பள்ளிக்கூடம் கட்டித் தர வேண்டியதில்லை, சாலையில் நெரிசலும் இல்லை. 2024-ல் 100 டாலருக்கு 86.5 சென்ட் ஆக இருந்த வீட்டு வரி விகிதத்தை 2025-ல் 80.5 ஆகக் குறைக்க முடிந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டேட்டா சென்டரே கூடாது என்பது என் கட்சி அல்ல. எங்கே, எவ்வளவு தள்ளி, எந்த நிபந்தனையோடு என்று கேட்கும் வாய்ப்பு ஊர்க்காரர்களுக்கு இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பை-ரைட் அந்த வாய்ப்பைத்தான் பறித்துவிடுகிறது.

2025 மார்ச் 18 அன்று, கவுண்டியை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமான லவுடன் மேற்பார்வையாளர் குழு அந்த பை-ரைட் கதவை அடைத்தது. இனி கவுண்டியில் எங்கே புதிய டேட்டா சென்டர் கட்டுவதானாலும் ஸ்பெஷல் எக்செப்ஷன் என்ற தனி அனுமதி வாங்க வேண்டும். திட்டக் கமிஷன் முன்னால் ஒரு பொது விசாரணை, மேற்பார்வையாளர் குழு முன்னால் இன்னொன்று, அப்புறம்தான் வாக்கெடுப்பு. மறுக்கலாம், நிபந்தனை போட்டும் கொடுக்கலாம். என் கணிப்பில் மறுப்பதை விட நிபந்தனைதான் பெரிய ஆயுதம்: ஜெனரேட்டர் சோதனை எந்த நேரத்தில், விசிறிகள் எந்தப் பக்கம் பார்த்து, வீட்டுப் பக்கம் இருக்கும் மரங்களில் எவ்வளவு அப்படியே விட வேண்டும், சத்தம் எல்லை மீறினால் யார் அளந்து யார் சரிசெய்வது, இதெல்லாம் எழுத்தில் வரும்.

ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னாலேயே விண்ணப்பம் கொடுத்திருந்த சில திட்டங்கள் பழைய விதிப்படியே போகின்றன. விதி மாறியது, ஆனால் பின்பக்கம் மரம் வெட்டுகிறார்களே என்று குழம்ப வேண்டாம், அது இந்த வகையாக இருக்கலாம். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கி அதை நம்பிக் கணிசமாகச் செலவும் செய்துவிட்டவருக்கு வர்ஜீனியா சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, பிற்பாடு வரும் விதியை அவர் மேல் போட முடியாது.

பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் நடந்தது வேறு மாதிரி. 2016-ல் அவர்கள் ஏறத்தாழ 10,000 ஏக்கரை டேட்டா சென்டருக்கான தனி மண்டலமாகக் குறித்தார்கள், அதற்குள் பை-ரைட். ஒரு இடத்தில் ஒதுக்கிவிட்டால் மற்ற இடம் தப்பிக்கும் என்பதுதான் எண்ணம், நல்ல எண்ணமும்தான். ஆனால் அந்த மண்டலத்துக்கு வெளியே, மனாசஸ் போர்க்களத் தேசியப் பூங்காவை ஒட்டி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏக்கரில் 'டிஜிட்டல் கேட்வே' என்ற திட்டம் வந்தது. 2022 நவம்பரில் கவுண்டியின் நீண்டகாலத் திட்டத்தை அதற்கு ஏற்ப மாற்றினார்கள். 2023 டிசம்பரில், பதவிக்காலம் முடியப்போகும் குழு, ஒரு நாளையும் தாண்டி ராத்திரி பகலாக ஓடிய கூட்டத்தின் முடிவில் ரீஜோனிங்குக்கு, அதாவது அந்த நிலத்தின் ஜோனை மாற்றுவதற்கு, ஒப்புதல் கொடுத்தது. ஆதரவு 4, எதிர்ப்பு 3. ஓக் வேலி என்ற குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமும் சுற்றியிருந்தவர்களும் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி கிம்பர்லி இர்விங் அந்த ரீஜோனிங்குகள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். காரணம் என்ன தெரியுமா? சத்தமோ போர்க்களமோ அல்ல, செய்தித்தாளில் பொது விசாரணை பற்றிய அறிவிப்பு சட்டம் சொன்ன முறையில் வரவில்லை என்பதுதான். அதன் பிறகு மேல்முறையீடு. எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் கண்ணீரோடு பேசினார்கள், கடைசியில் நீதிமன்றத்தில் நின்றது விளம்பரத் தேதி. நடைமுறை விஷயம் என்று நாம் தள்ளிவிடுவதைக் கவனமாகப் படிக்க ஒருவராவது சங்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது சத்தம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விண்ணப்பங்களில் மிகச் சுலபமாகக் கடந்துபோகப்படுவது இதுதான். மனாசஸ் பக்கத்தில் கிரேட் ஓக் என்ற குடியிருப்பு இருக்கிறது. 2022 வாக்கில் அருகே டேட்டா சென்டர்கள் ஓடத் தொடங்கியதும் இரவும் பகலும் ஓயாத ஒரு முனகல், படுக்கையறையை மாற்றிப் படுத்தும் விடவில்லை என்று அங்கிருந்தவர்கள் கவுண்டிக் கூட்டங்களில் சொன்னார்கள். அந்தக் கவுண்டியின் ஒலி விதியில் ஏசி இயந்திரங்களின் சத்தத்துக்கு விலக்கு இருந்தது, வீட்டு ஏசியை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களிலும் பெரும்பாலான விதிகள் டெசிபலை 'ஏ' அளவுகோலில் அளக்கச் சொல்கின்றன. அந்த அளவுகோல் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும். 63 ஹெர்ட்ஸில் இருக்கும் முனகலில் ஏறக்குறைய 26 டெசிபலைக் கழித்துவிடும். 'சி' அளவுகோலில் அதே ஒலிக்கு ஒரு டெசிபல் கூடக் கழியாது. பெரிய விசிறிகளின் முனகல் இந்தத் தாழ்ந்த பகுதியில்தான் நிறைய இருக்கிறது, சுவரும் ஜன்னலும் அதை அவ்வளவாகத் தடுப்பதும் இல்லை. கருவியைப் பிடித்தால் விதிக்குள் இருக்கும், உங்களுக்கோ தூக்கம் வராது. இரண்டுமே உண்மை. ஆகவே ஒலி ஆய்வறிக்கை கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: எந்த அளவுகோல், எல்லா விசிறிகளும் முழு வேகத்தில் ஓடும் கோடை இரவைக் கணக்கில் எடுத்தார்களா, கட்டி முடித்த பிறகு மறுபடியும் அளக்கும் நிபந்தனை இருக்கிறதா.

மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வு அமைப்பான ஜேலார்க் 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, வர்ஜீனியாவின் டேட்டா சென்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குடியிருப்புகளுக்கு அருகே இருப்பதாகச் சொன்னது. பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே ஒலி ஆய்வைக் கட்டாயமாக்கும் ஒரு மசோதாவை 2025-ல் அப்போதைய ஆளுநர் யங்கின் தன் ரத்து அதிகாரத்தால் நிறுத்திவிட்டார். அதனால் அப்போது இது கவுண்டிக்குக் கவுண்டி மாறும் விஷயமாகவே நின்றது. ஃபேர்ஃபாக்ஸ் 2024 செப்டம்பரில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. குடியிருப்பு நிலத்தின் எல்லையிலிருந்து கட்டடம் 200 அடி தள்ளி இருக்க வேண்டும், குளிரூட்டிகளும் ஜெனரேட்டர்களும் நடுவில் கட்டடம் மறைக்காவிட்டால் 500 அடி தள்ளி, மெட்ரோ நிலைய வாசலிலிருந்து ஒரு மைல் தள்ளி, கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒலி ஆய்வு. கட்டடத்தையும் இயந்திரத்தையும் தனித்தனியாக அளந்ததுதான் இதில் சரியான இடம், தூக்கத்தைக் கெடுப்பது சுவர் அல்லவே.

மின்கம்பி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர் அழுத்த மின்பாதைக்கு ஒப்புதல் கொடுப்பது கவுண்டி அல்ல, மின்சார நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநில கார்ப்பரேஷன் கமிஷன். டேட்டா சென்டர் விசாரணையில் ஜெயித்துவிட்டு, வேறு ஒரு டேட்டா சென்டருக்காக வரும் மின்கோபுரத்தை வேலியருகே பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. இரண்டு இடத்திலும் கண் வைக்க வேண்டும்.

வீடு வாங்குபவர்கள் செய்ய வேண்டியது இது. வர்ஜீனியாவில் விற்பவர் கொடுக்கும் அறிக்கையிலேயே பக்கத்து நிலத்தின் ஜோனிங் பற்றி நான் எந்த உறுதியும் தரவில்லை, வாங்குபவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கும். எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். போடுவதற்கு முன் கவுண்டியின் இணைய வரைபடத்தைத் திறந்து, உங்கள் மனையைச் சுற்றி அரை மைலுக்கு ஒவ்வொரு காலி நிலத்தையும் சொடுக்கிப் பாருங்கள். யார் சொந்தக்காரர், எந்த ஜோன், நிலுவையில் விண்ணப்பம் ஏதாவது இருக்கிறதா என்பது அதிலேயே வரும். சொந்தக்காரர் பெயர் கேள்விப்படாத ஒரு எல்எல்சி (தனியார் கம்பெனி) என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். ஜோனிங் வீடு என்று காட்டினாலும் அதோடு விடாமல், நீண்டகாலத் திட்டத்தில் அந்த இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், நாளைக்கு ரீஜோனிங் வந்தால் குழு அதைத்தான் எடுத்து வைத்துப் பேசும். புரியவில்லை என்றால் கவுண்டி அலுவலகத்தில் அன்றைய பொறுப்புத் திட்டவியலாளரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், பணம் வாங்க மாட்டார்கள், வீட்டில் பேசுவது போலவே கேட்கலாம்.

ரீஜோனிங் தேவைப்படும் இடத்தில் மக்கள் பேச்சு எடுபடும் என்பதற்கு அரிசோனாவின் சாண்ட்லர் நல்ல சாட்சி. இன்டெல் வேலைக்காக நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய ஊர். 2025 டிசம்பரில் அங்கே ஒரு டேட்டா சென்டர் திட்டத்தை, முன்னாள் செனட்டர் கிர்ஸ்டன் சினிமா நேரில் வந்து ஆதரித்துப் பேசியிருந்தும், நகர மன்றம் 7-0 என்று நிராகரித்தது. அந்த நிலத்தில் அது பை-ரைட் ஆக இருந்திருந்தால் மன்றத்துக்கு வாக்கெடுக்கவே வேலை இருந்திருக்காது.

விசாரணைக்குப் போனால் "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குழு உறுப்பினருக்கு எழுதிப்போட ஒரு வரி கொடுங்கள்: இத்தனை அடி தள்ளுங்கள், இரவில் 'சி' அளவிலும் அளக்கச் சொல்லுங்கள், ஜெனரேட்டர் சோதனை வார நாள் பகலில் மட்டும் என்று நிபந்தனை போடுங்கள். சங்கத்தில் ஒருவர் இருபது வீட்டுக்காகப் பேசினால், இருபது பேர் ஒரே வாக்கியத்தைப் படிப்பதை விட அது நிற்கும்.

கடைசியாக, தபால். ஒட்டியுள்ள நிலத்துக்கு விசாரணை வந்தால் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆனால் மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 5 நாள் முன்னால் என்பதுதான். கண்டோமினியம் என்றால் உங்களுக்கு வராமல் சங்கத்துக்கே போகலாம். குழு வாக்களித்த பிறகு நீதிமன்றம் போவதானால் 30 நாள்தான் அவகாசம், அதற்குள் வக்கீல் பார்த்து மனு போட்டாக வேண்டும். கவுண்டி முத்திரையோடு வரும் வெள்ளை உறையைக் குப்பைத் தபாலோடு போடாதீர்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருப்பதாக இருந்தால், பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அதைப் பிரித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.